இரண்டாவது குறி

இரவு எட்டே முக்கால். கடலோரச் சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெறும் மணல்... நடுவில் நூல் பிடித்த மாதிரி தார் ரோடு. மழை இன்னும் தொடங்கவில்லை. காற்று மட்டும் விட்டு விட்டு அடித்தது. அடிக்கும்... சட்டென்று நிற்கும். நிற்கும்போது கடலின் சத்தமும் சேர்ந்து நின்றுவிட்டதோ என்று தோன்றும். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஓடியது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்.

ஓட்டியவர் என் நண்பனின் சித்தப்பா. வானிலைக் கண்காணிப்பு நிலையத்தில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் சும்மா இருக்கிற மனிதர். புயல் பருவம் தொடங்கிவிட்டால் சோறு தண்ணி கிடையாது, தூக்கம் கிடையாது. கடலில் எங்கேயோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நாலு மேகம் கூடினால் இவருக்கு இங்கே தலைவலி வந்துவிடும். மற்றபடி, பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். சுடுகாட்டுப் பக்கம் வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று குடி போனவர். அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் இதை நான் உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் கதவு சாத்தித்தானே இருக்கிறது? சரி.

பாதி வழியில், விளக்குக் கம்பம் எதுவும் இல்லாத ஒரு இடத்தில், சாலையோரம் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஸ்டாண்டு போட்டு, கைப்பிடியில் ஹெல்மெட்டை மாட்டி, ஒழுங்காக நிறுத்திய ஸ்கூட்டர். பக்கத்தில் மழைக்கோட்டு போட்ட ஒருவர். கையைத் தூக்கினார். நிறுத்தச் சொல்கிற மாதிரி.

சித்தப்பா நிறுத்தவில்லை. நேரம் ஆகிவிட்டது, ஒன்பது மணிக்குச் செயற்கைக்கோள் படம் வந்துவிடும். பெட்ரோல் தீர்ந்த யாரோ என்று நினைத்துக்கொண்டு தாண்டிவிட்டார். ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த ஆளின் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழையோ இன்னும் ஒரு துளி விழவில்லை.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். கீழே காவலாளியும் பேட்டரி அறையும். மாடியில் ஒரு நீள அறை. சுவரெல்லாம் வரைபடம், நாலு திரை, படம் அச்சடிக்கிற ஒரு கிழட்டு எந்திரம், அடியில் விளக்கு எரியும் ஒரு கண்ணாடி மேசை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. சித்தப்பா படியேறும்போதே தொலைபேசி அடித்தது. கூட டூட்டி பார்க்கவேண்டியவர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார், அதனால் ஆபீசில் எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி'.

"தலைவா, இன்னிக்கி நான் வர்ற மாதிரி இல்ல. இங்க ஒரே மழை, பாலத்துல தண்ணி ஏறிடுச்சு, போலீஸ் கயிறு கட்டிட்டாங்க. தனியா சமாளிச்சுக்குவியா?"

"சமாளிக்காம என்ன பண்றது? நீ வந்தாலும் குறட்டைதான் விடப்போற."

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தார். ஆனால் தனியாக இருப்பது அந்த வேலையில் சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

புயலுக்குக் கண் திறக்கும் முன்னால், மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் வெள்ளைக் கும்பல். மாவைக் கொட்டி வைத்த மாதிரி. அதன் மையம் எங்கே என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள். அதனால் அங்கே ஒரு முறை உண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை படம் வரும். டூட்டியில் இருக்கும் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, மையம் என்று தனக்குத் தோன்றுகிற இடத்தில் பெருக்கல் குறி போடவேண்டும். மூலையில் நேரத்தை எழுதி, தாளைக் கவிழ்த்துத் தட்டில் வைத்துவிடவேண்டும். பிறகு இரண்டு தாளையும் கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். குறிகள் பக்கத்தில் விழுந்தால் பிரச்சினை இல்லை. தள்ளித் தள்ளி விழுந்தால், இரண்டுக்கும் சரி நடுவில் இருக்கும் இடம்தான் மையம். எச்சரிக்கை அதை வைத்துத்தான் போகும். ஒருவர் மட்டும் இருந்தால் 'ஒரே குறி' என்று எழுதி அனுப்பவேண்டும், அதற்கு மதிப்பு குறைவு.

சித்தப்பா தன் சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒன்பது மணிப் படத்தைப் பார்த்தார், நிதானமாகவே பார்த்தார். குறி போட்டார். கவிழ்த்து வைத்தார். தெற்கே தள்ளி விழுந்திருந்தது. தெற்குக் கரை முழுக்கக் காடு, ஆள் கிடையாது. நிம்மதி. ஏனென்றால் வடக்கே துறைமுக ஊரில்தான் அவர் மனைவியும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். மனைவியின் தங்கைக்குப் பிரசவம், உதவிக்குப் போயிருந்தார்கள். கடலிலிருந்து இரண்டாவது தெரு. பழைய ஓட்டு வீடு.

மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"பாப்பா சாப்டாளா?"

"சாப்டா. குட்டித் தம்பியைத் தூக்கணும்னு ஒரே அடம். இங்க காத்து கொஞ்சம் பலமாத்தான் அடிக்குது. ஒண்ணும் பயமில்லையே?"

"ஒண்ணுமில்ல, தெக்கதான் போகும். நிம்மதியாத் தூங்குங்க."

பேசிவிட்டுத் திரும்பினார். தட்டிலிருந்து தாளை எடுத்தார். தாள் கனத்தது. ஒன்றல்ல... இரண்டு. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தார். மேலே அவருடைய சிவப்புக் குறி.

கீழே இருந்த தாளில் பச்சைக் குறி.

பழைய தாள் தட்டில் கிடந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். மூலையைப் பார்த்தார். இன்றைய தேதி. ஒன்பது மணி. அந்த ஒன்பதின் வாலை உள்பக்கமாகச் சுருட்டி எழுதியிருந்தது. அப்படி எழுதுகிற கை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அந்தக் கை போய் எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மூக்கில் கிராம்பு வாசனை ஏறியது.

பச்சை என்றால் அந்த ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். பச்சைப் பென்சில் தவிர வேறு தொடமாட்டார், அதனால் அந்தப் பேர். சித்தப்பாவுக்கு மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். சொத்தைப் பல்லுக்கு எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, பிளேடால் பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரக்... சரக்... பென்சில் கூராக இருந்தால்தான் குறி சரியாக விழும் என்பார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே பருவத்தில் ஒரு புயல். விடியற்காலை மூன்று மணிக் குறி. பச்சை வடக்கே வைத்தார், துறைமுகத்துக்கு நேராக. சித்தப்பாவின் குறி தெற்கே, காட்டில் விழுந்தது. நூற்று இருபது கிலோமீட்டர் வித்தியாசம்.

பச்சை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நல்லா பாத்துத்தானே வச்ச?"

"நல்லா பாத்துத்தாண்ணே வச்சேன்."

பொய். இதைச் சித்தப்பா அந்த இரவு வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. அன்றைக்கு அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு ராத்திரி தூக்கமில்லை, கண் சொருகியது. முந்தின குறி இருந்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, குத்துமதிப்பாக ஒரு பெருக்கல் போட்டுக் கவிழ்த்துவிட்டார்.

முறைப்படி நடு இடத்தை எடுத்தார்கள். அது கலங்கரை விளக்கம் இருக்கிற ஊரில் விழுந்தது. எச்சரிக்கை அந்த ஊருக்குப் போனது. துறைமுகத்துக்குப் போகவில்லை. பச்சையின் மனைவியும் சின்னப் பெண்ணும் துறைமுகத்தில்தான் இருந்தார்கள். போன் பண்ணக் கையை எடுத்தவர், "நீ நல்லா பாத்துத்தான் வச்சிருக்க... தூங்குறவங்களை எதுக்கு எழுப்பிப் பயமுறுத்தணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். விடியும் நேரத்தில் கடல் துறைமுகத்துக்குள் வந்து அந்த இருவரையும் கொண்டுபோனது.

அதற்குப் பிறகும் பச்சை ஐந்து மாதம் வேலைக்கு வந்தார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒருநாள் இரவு டூட்டிக்குக் கிளம்பியவர் வந்து சேரவில்லை. கடலோரச் சாலையில் அவருடைய ஸ்கூட்டர் மட்டும் நின்றது. ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டை மாட்டி. கடல் அன்றைக்குக் குளம் மாதிரி இருந்தது என்றார்கள். ஆள் கிடைக்கவே இல்லை.

இப்போது அந்தப் பச்சைக் குறி எங்கே இருந்தது தெரியுமா? சித்தப்பாவின் குறிக்கு எழுபது கிலோமீட்டர் வடக்கே.

சித்தப்பா அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மூடினார். 'ஒரே குறி' என்று எழுதி அனுப்பினார். காற்று வலுத்திருந்தது, ஜன்னல் கண்ணாடி படபடத்தது. பத்தரைக்குக் கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார்.

"சார், டீ போடுறேன். ரெண்டு பேருக்கும் சர்க்கரை போடலாமா?"

"ரெண்டு பேரா? நான் மட்டும்தானேப்பா இருக்கேன்."

"அப்ப உங்க பின்னாலயே ஏறி வந்தாரே, அவரு? கோட்டெல்லாம் நனைஞ்சு சொட்டச் சொட்ட..."

சித்தப்பா மெதுவாகத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். கோட்டு மாட்டுகிற ஆணியில் எதுவும் இல்லை. ஆனால் ஆணிக்கு நேர் கீழே தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்திருந்தது.

"எனக்கு டீ வேணாம்" என்றார்.

பதினொன்றரைக்கு இடையில் ஒரு படம் வந்தது. அச்சு எந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளியது. வெள்ளைக் கும்பலின் நடுவில் குண்டூசியால் குத்திய மாதிரி ஒரு கரும்புள்ளி... கண் திறந்திருந்தது. சித்தப்பா இழுப்பறையிலிருந்து ஒன்பது மணித் தாளை எடுத்தார். புயல் நகர்ந்த கணக்கைக் கழித்துவிட்டு மேலே வைத்துப் பார்த்தார். பச்சைக் குறி சரியாக இருந்தது. அவர் நிதானமாகப் பார்த்து வைத்த சிவப்பு, எழுபது கிலோமீட்டர் தப்பு.

பன்னிரண்டுக்குக் கண் மறுபடி மூடிக்கொண்டது. மேகம் அப்பிவிட்டது. சித்தப்பா குறி வைத்துக் கவிழ்த்தார். இந்தத் தடவை தட்டை விட்டு நகரவில்லை, பக்கத்திலேயே நின்றார், கண்ணைக்கூடக் கொட்டவில்லை. அவர் சத்தியம் பண்ணிச் சொல்கிறார், எதுவும் அசையவில்லை. ஆனால் அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சரக்... சரக்... சரக்...

ஒரு நொடி தலையைத் திருப்பினார். ஒரே நொடி. திரும்பவும் தட்டைப் பார்த்தால், அவர் தாளின் மேல் இன்னொரு தாள் கவிழ்ந்து கிடந்தது. கீழே தரையில், இரண்டாவது நாற்காலிக்கு அடியில், பச்சை விளிம்போடு பென்சில் சுருள் இரண்டு.

அந்தக் குறி இன்னும் வடக்கே போயிருந்தது. ஒரு மணிக்கு, கடலில் இருந்த ஒரு கப்பலிலிருந்து காற்றழுத்த அளவு வந்தது. அதை வைத்து மையத்தைச் சரிபார்த்தால்... மறுபடி பச்சைதான் சரி.

இங்கேதான் மனித மனசு வேலை செய்கிறது பாருங்கள். இரண்டு தடவை சரியாகச் சொன்னால் பேயைக்கூட நம்பத் தொடங்கிவிடுவோம். சித்தப்பாவுக்கு இரண்டாவது நாற்காலிப் பக்கம் திரும்பவே தைரியம் இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குரல்... அண்ணன் நல்லவர், கோபம் வைத்துக்கொள்ளாத மனிதர், நமக்கு உதவத்தான் வந்திருக்கிறார். மனைவிக்குப் போன் போட்டார்.

"தூங்கிடாத. டிரெஸ் மாத்தி ரெடியா இரு. நான் மூணரைக்குக் கூப்பிடுறேன்."

"என்னங்க, தெக்க போகுதுன்னீங்களே?"

"இப்ப தெரியல. மூணு மணிப் படம் வரட்டும்."

மூன்று மணி. அந்தப் படத்தை வைத்துத்தான் கடைசி எச்சரிக்கை. அதற்கு மேல் யாரையும் கிளப்ப நேரம் இருக்காது. ஏழு மணி வாக்கில் கரை ஏறிவிடும். எந்திரம் படத்தைத் துப்பியது. பார்த்தால் வெறும் வெள்ளை. கண்ணும் இல்லை, காதும் இல்லை.

அவர் பென்சிலை எடுக்கும் முன்பே தட்டில் தாள் இருந்தது. கவிழ்ந்து, ஓரமெல்லாம் ஈரமாக. திருப்பிப் பார்த்தார்.

பச்சைக் குறி தெற்கே போயிருந்தது. காட்டுக்கு நேராக. ஆளில்லாத கரைக்கு.

சித்தப்பாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பிவிட்டது! துறைமுகம் தப்பித்தது. யாரையும் எழுப்பவேண்டாம், பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடவேண்டாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. சிவப்புப் பென்சிலை எடுத்தார். தன் தாளைப் படத்தின் மேல் வைக்கவில்லை. பச்சைத் தாளின் மேல் வைத்தார். கீழே தெரிந்த குறியின் மேலேயே பென்சில் முனையை வைத்தார்...

"நல்லா பாத்துத்தானே வச்ச?"

காதுக்குப் பக்கத்தில். கோபமில்லாத குரல். அன்றைக்குக் கேட்ட அதே மாதிரி. வார்த்தையோடு கிராம்பு வாசனையும், நனைந்த ரப்பர் நாற்றமும், கழுத்தில் சில்லென்று மூச்சும்.

பென்சில் முனை ஒடிந்தது.

சித்தப்பா தன் தாளை உருவிப் படத்தின் மேல் போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். மேகத்தின் ஒவ்வொரு இழையாக, எது எந்தப் பக்கம் வளைகிறது என்று ஓரத்திலிருந்து உள்ளே போனார். பத்து நிமிஷம்... பதினைந்து நிமிஷம்... வாழ்நாளில் அப்படி ஒரு படத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்த்து முடித்து, ஒடிந்த பென்சிலாலேயே குறி போட்டார்.

வடக்கே. துறைமுகத்துக்கு நேராக.

இரண்டு தாளையும் கண்ணாடி மேசையில் வைத்து அளந்தார். நூற்று இருபது கிலோமீட்டர். நடு இடம், கலங்கரை விளக்கம் இருக்கிற ஊர். அன்றைய ராத்திரியை அப்படியே கண்ணாடியில் திருப்பிக் காட்டியது போல, ஆள் மட்டும் இடம் மாறி.

சித்தப்பாவுக்கு இப்போது வந்த பயம் வேறு மாதிரி. இரண்டு தடவை சரியாக வைத்து நம்பவைத்துவிட்டு, மூன்றாவது தடவை நம் வீட்டையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரா? இல்லை, உண்மையிலேயே புயல் தெற்கே திரும்பிவிட்டு, நம் கண்தான் மறுபடி தப்பு செய்கிறதா? இன்று ராத்திரி அவர் கண் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லையே! ஊரையே நடுராத்திரியில் கிளப்பி, கைக்குழந்தைகளோடு காரணமே இல்லாமல் மழையில் தள்ளிவிட்டால்?

அழுதுவிட்டார். அழுததைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாவது நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே... அன்னிக்கி நான் படத்தைப் பாக்கலண்ணே. தூக்கம். சும்மா கிறுக்கி வச்சேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். ஆனா இப்ப பாத்தேன். சத்தியமாப் பாத்துட்டுத்தான் வச்சேன்."

பிளேடு சத்தம் நின்றுபோயிருந்தது.

துறைமுக ஊரின் பேரிடர் அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி தூக்கக் கலக்கத்தில் எடுத்தார், சீக்கிரமே தெளிந்துவிட்டார்.

"ஒன்பது மணிக்கு தெற்குன்னு அனுப்பினீங்க. இப்ப பத்தாயிரம் பேரைக் கிளப்பணும்ங்கறீங்க. ரெண்டு பேரும் பாத்தீங்களா? ரெண்டாவது குறி என்ன சொல்லுது?"

சித்தப்பா பச்சைத் தாளைப் பார்த்தார். முறைப்படி உண்மையைச் சொன்னால் நடு இடம். நடு இடம் என்றால் துறைமுகம் தூங்கும். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்துகொண்ட மாதிரி... எழுந்து இரண்டு அடி வைத்த மாதிரி. தரையில் சொத்... சொத்... என்று தண்ணீர் விழுகிற சத்தம், அவர் குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றது.

"ரெண்டாவது குறி இல்ல சார்" என்றார் சித்தப்பா. "நான் மட்டும்தான். என் பொண்டாட்டி பிள்ளைங்க அங்கதான் இருக்காங்க. தப்பா இருந்தா என்னைத் தூக்கி உள்ள வைங்க. இப்ப அபாயச் சங்கை ஊதுங்க சார்!"

போனை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"எழுந்திரு. எல்லாரையும் கூட்டிட்டு மேட்டுல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போ. மூணாவது மாடி. எதையும் எடுக்காத."

"குழந்தை பொறந்து பதினோரு நாள்தாங்க ஆகுது, இந்த மழையில... நீங்க நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். "இந்தத் தடவை பாத்தேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த எண்ணும் கிடைக்கவில்லை. மின்சாரமும் போனது. பேட்டரியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. நாலிலிருந்து எட்டு வரை சித்தப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. பின்னால் சொட்டுகிற சத்தம் நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. ஒருதடவை மட்டும், ஏழு மணி சுமாருக்கு, பெருமூச்சு ஒன்று கேட்டதாம். ஆனால் காற்று அப்படி ஊளையிடும்போது எது மூச்சு, எது காற்று என்று யார் சொல்லமுடியும்?

ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"என்னங்க..." மனைவி குரல். "எல்லாரும் பத்திரம். வீடு போச்சுங்க. தெருவே போச்சு. ஏழு மணிக்குக் கடல் அப்படியே எழுந்து வந்துச்சு, மாடியிலருந்து பாத்தோம். ஊரே இங்கதான் இருக்கு. நீங்க மட்டும் சொல்லலன்னா..."

அவள் அழத் தொடங்கினாள். சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அழுதார், சிரித்தார். பாப்பா எங்கே என்றார்.

"இங்கதான், விளையாடிட்டு இருக்கா. உங்க ஆபீஸ்காரர் சம்சாரம், பொண்ணைக் கூட்டிக்கிட்டு ராத்திரி எங்களோடயே வந்துட்டாங்க. சங்கு ஊதினதும் தெருமுனையில நின்னாங்க, நான்தான் வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். பாவம், அந்தக் குழந்தை உடம்பு ஜில்லுனு இருக்கு. எத்தனை துணி போத்தினாலும் சூடு ஏறல. அந்தம்மா ராத்திரியெல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்லிட்டு இருக்காங்க... 'இந்தத் தடவை சொல்லிட்டாங்க, இந்தத் தடவை சொல்லிட்டாங்க'ன்னு."

சித்தப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "யாரு... யாரோட சம்சாரம்?"

"இருங்க, பாப்பா உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம்."

போன் கை மாறியது. சின்னக் குரல்.

"அப்பா! இந்தப் பாப்பா ஒண்ணு கேக்கச் சொல்றா. அவங்க அப்பாவுக்கு டூட்டி எப்ப முடியும்னு. அவளும் அவங்க அம்மாவும் ரொம்ப நாளா காத்துட்டு இருக்காங்களாம்."

"எனக்கு... எனக்குத் தெரியாதுடா கண்ணு."

அந்தப் பக்கம் கிசுகிசுவென்று இரண்டு குழந்தைகள் பேசிக்கொண்டன. மகள் மறுபடி போனில் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு அவளுக்கும் தெரியுமாம்ப்பா. அவங்க அப்பா உங்க பின்னாலதான் நிக்கிறாராம். திரும்பி, அவரையே கேட்டுச் சொல்லச் சொல்றா."

அவர் கேட்டாரா, கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று நண்பன் எத்தனையோ தடவை துருவித் துருவிப் பார்த்துவிட்டான். அதை மட்டும் சித்தப்பா இன்றுவரை சொல்லவில்லை.